டாடா மேடையேற்றம்: 1916 சூரிச்சில் நடந்தது எது, பிறகு வந்தது எது?

(ஒத்திகை, மரஅச்சு, அலைவரிசை, நடுமேடை என்பவை இங்கே பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

ஒத்திகை (கேள்வி):

முதல் உலகப் போரையும் கலையையும் பற்றிய ஒரு மாலை நிகழ்வில், அந்தக் காலத்துக் கலைக் கலக இயக்கமான டாடாவுக்கு 40 நிமிடம் கிடைத்திருக்கிறது. சின்ன மேடை, ஐந்து நடிகர்கள், ஒரு பியானோ. சூரிச்சில் இருந்த காபரே வோல்த்தேர் என்ற மதுக்கடை மேடையில் நடந்தவற்றில் சிலவற்றை நிகழ்த்திக் காட்டுவதாகத் திட்டம்.

இப்போதைக்கு வரைவில் இருப்பவை: ஜெர்மன் கவிஞர் ஹ்யூகோ பாலின் அட்டை உடையும் ஒலிக்கவிதையும் (பொருளில்லாத ஒலிகளால் ஆனது), மூன்று பேர் ஒரே நேரத்தில் வாசிக்கும் கவிதை, செய்தித்தாளைக் கத்தரித்துப் பையில் போட்டுக் குலுக்கி எடுக்கும் கவிதை, பின்சுவரில் ஹன்னா ஹோஹின் ஒட்டுப்படங்கள், கூரையிலிருந்து தொங்கும் பன்றிமுகச் சிப்பாய் பொம்மை.

இவை எல்லாம் அந்தக் காபரேயைச் சேர்ந்தவைதானா? அட்டை உடையை எப்படிச் செய்வது? இன்னொன்றும் உறுத்துகிறது. இதில் போர் எங்கே இருக்கிறது? வாசித்துப் பார்த்தால் வெறும் கோமாளித்தனமாகத்தான் வருகிறது. பார்ப்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்களோ என்று தோன்றுகிறது.

மரஅச்சு:

வரைவில் உள்ள ஐந்தில் இரண்டுதான் அந்தக் காபரேயைச் சேர்ந்தவை. மற்ற மூன்றும் போர் முடிந்த பிறகு வேறு ஊர்களில் வந்தவை.

காபரே திறந்தது 1916 பிப்ரவரி 5. இடம், சூரிச் பழைய நகரத்தில் ஷ்பீகல்காஸ தெரு 1-ஆம் எண், யான் எஃப்ராயிம் என்பவரின் மதுக்கடை. அவர் முன்பு டச்சுக் கப்பலில் மாலுமியாக இருந்தவர். பாலும் பாடகி எம்மி ஹென்னிங்ஸும் அவரிடம் போய், உங்கள் பீர், சாஸேஜ் விற்பனை கூடும் என்று சொல்லித்தான் அந்த அறையைப் பயன்படுத்த அனுமதி வாங்கினார்கள். ஜூலைத் தொடக்கத்தில் மூடியாகிவிட்டது. ஆக மொத்தம் ஐந்தே மாதம். ஜூலை 14 அன்று நடந்த 'முதல் டாடா மாலை' இந்த மதுக்கடையில் நடந்ததல்ல. ட்சூர் வாக் என்ற பழைய கைவினைஞர் குழு (கில்டு) மண்டபத்தில் நடந்தது. பால் தன் டாடா அறிக்கையை வாசித்தது அங்கேதான்.

பையில் போட்டுக் குலுக்கும் கவிதை, காபரேயில் இருந்த கவிஞர் த்ரிஸ்தான் ட்ஸாரா பாரிஸுக்குப் போன பிறகு 1920-இல் ஓர் அறிக்கையில் எழுதிய செய்முறை. ஹோஹின் ஒட்டுப்படங்கள் பெர்லினைச் சேர்ந்தவை. 'சமையல் கத்தி' என்ற சொல் தலைப்பில் வரும் அவருடைய பெரிய படம் 1919-20-இல் செய்தது. பன்றிமுகச் சிப்பாயும் பெர்லின்தான். ஜான் ஹார்ட்ஃபீல்டும் ருடால்ஃப் ஷ்லிக்டரும் செய்து, 1920 ஜூன் 30 அன்று திறந்த முதல் சர்வதேச டாடா கண்காட்சியின் கூரையில் தொங்கவிட்டார்கள். ராணுவத்தை அவமதித்ததாக வழக்குப் பதிவாகி, 1921-இல் ஓவியர் கார்க் குரோஸுக்கு 300 மார்க்கும் பதிப்பாளர் வீலாண்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டவுக்கு 600 மார்க்கும் அபராதம் விதித்தார்கள்.

இந்த வேறுபாட்டை வெறும் தேதிக் கணக்காகப் பார்க்காதீர்கள். 1920 பெர்லினில் ராணுவ அதிகாரியைப் பன்றியாகக் காட்டியவர்கள், தோற்றுப்போன நாட்டில், பசியையும் தெருச் சண்டையையும் பார்த்துவிட்டு, எதிரி யார் என்று பெயர் சொல்லித் தாக்கினார்கள். 1916 சூரிச்சில் இருந்தவர்கள் நடுநிலை நாட்டில் அந்நியர்கள். போர் எப்போது முடியும் என்று தெரியாது. காபரே திறந்து 16 நாளில் பிரான்சில் வெர்தூன் சண்டை தொடங்கிவிட்டது. அவர்கள் யாரையும் பெயர் சொல்லித் தாக்கவில்லை. மொழியையே உடைத்தார்கள். இரண்டையும் ஒரே மேடையில் கலந்தால் இரண்டுமே புரியாமல் போகும்.

அலைவரிசை:

போர் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்களைப் பாருங்கள், பிறகு உருப்படிகளைப் பாருங்கள்.

பால் போர் தொடங்கியதும் படையில் சேர முயன்றவர். உடல்நிலை காரணமாக எடுக்கவில்லை. தானாகவே போர்முனைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மனம் மாறியது. நண்பர் ஹான்ஸ் லைபோல்டை 1914-லேயே இழந்தார். 1915 பிப்ரவரியில் பெர்லினில், போரில் இறந்த கவிஞர்களுக்கான நினைவுக்கூட்டத்தை, பிறகு காபரேயிலும் சேர்ந்த கவிஞர் ரிச்சர்ட் ஹ்யூல்ஸன்பெக்குடன் சேர்ந்து நடத்தினார். அதே ஆண்டு மே மாதம் ஹென்னிங்ஸுடன் சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். காபரேக் குழுவில் இருந்த கலைஞர் ஹான்ஸ் ஆர்ப் ஸ்ட்ராஸ்பர்க்காரர். அந்த ஊர் 1871 முதல் ஜெர்மனி வசம் இருந்தது. ஜெர்மன் படைக்கும் போகாமல், பாரிஸிலும் இருக்க முடியாமல் 1915-இல் சூரிச் வந்தார். ட்ஸாராவும் ஓவியர் மார்செல் யான்கோவும் ருமேனிய யூதர்கள். காபரே திறந்த அன்று ட்ஸாராவுக்கு 19 வயது.

பால் 1915 நாட்குறிப்பில் எழுதியதன் சாரம் இது: இந்தப் போர் ஒரு பெரிய பிழையின் மேல் நிற்கிறது, மனிதர்களை இயந்திரங்கள் என்று எண்ணிவிட்டார்கள். இன்னொரு பக்கம், 1914 அக்டோபரில் ஜெர்மனியின் 93 அறிவாளிகள் தங்கள் நாட்டின் போரை ஆதரித்துக் கையெழுத்திட்டு அறிக்கை விட்டிருந்தார்கள். விஞ்ஞானிகள், பேராசிரியர்கள், நாடகாசிரியர் ஹாப்ட்மான் எல்லாரும் அதில் உண்டு. செய்தித்தாளும் பாடப்புத்தகமும் கவிதையும் போருக்கு வேலை செய்த பிறகு, அதே சொற்களை வைத்துக்கொண்டு போரை எதிர்க்க முடியுமா என்பதுதான் இவர்கள் முன் நின்ற கேள்வி. ஒலிக்கவிதைக்குக் காரணம் சொல்லும்போது பால், பத்திரிகைகள் கெடுத்துவிட்ட மொழியைக் கைவிடுவதாகத்தான் எழுதுகிறார். இது நடிகருக்குத் தெரிந்திருந்தால் குரலே மாறும்.

வரைவில் இல்லாத ஒன்றைக் கட்டாயம் சேருங்கள்: பால் எழுதி ஹென்னிங்ஸ் பாடிய 'மரண நடனம் 1916'. இது அணிவகுப்பில் பாடும் ஒரு பழைய பாட்டின் மெட்டு. மூலப் பாட்டு, தினமும் இப்படித்தான் வாழ்கிறோம் என்று கும்மாளமாகப் போகும். பால் தொடக்க வரியில் 'வாழ்கிறோம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சாகிறோம்' என்று போட்டார். அடுத்து வரும் வரிகள் அவரே எழுதியவை. எல்லாருக்கும் மனப்பாடமான சிப்பாய் மெட்டு என்பதால் முதல் வரியிலேயே அறை உறைந்திருக்கும். நம் பார்வையாளர்களுக்கு அந்த மெட்டு தெரியாது. ஆகவே முதலில் மூலப் பாட்டின் இரண்டு அடியை உற்சாகமாக, கால்தட்டலோடு பாடவிடுங்கள். பிறகு ஒரு சுற்று பியானோ மட்டும். அதன் பிறகு ஹென்னிங்ஸ் வேடத்தில் இருப்பவர் அதே வேகத்தில், அழுத்தம் கொடுக்காமல், சிரித்த முகத்தோடு பாட வேண்டும். சோகமாக இழுத்தால் கெட்டுவிடும். மெட்டு துள்ளுவதும் சொல் சாவதும் மோதுகிற இடம்தான் அந்தப் பாட்டு.

அடுத்தது மூன்று குரல் கவிதை. தலைப்பின் பொருள், வாடகை வீடு தேடும் கடற்படைத் தளபதி. 1916 மார்ச் கடைசியில் முதலில் நிகழ்த்தினார்கள். ஹ்யூல்ஸன்பெக் ஜெர்மனிலும், யான்கோ ஆங்கிலத்திலும், ட்ஸாரா பிரெஞ்சிலும் ஒரே சமயத்தில். அந்த மாதம் ஜெர்மன்காரர்கள் ஒரு பக்கமும், பிரெஞ்சு, ஆங்கில மொழிக்காரர்கள் மறுபக்கமுமாகப் பதுங்குகுழிகளில் கொன்றுகொண்டிருந்தார்கள். அந்த மொழிகள் ஒரே மேடையில் ஒன்றை ஒன்று அமுக்குகின்றன. எல்லாவற்றையும் தமிழில் பெயர்த்துவிட்டால் இது போய்விடும். மொழிகளை மாற்றாதீர்கள், தேவையானால் தொடங்குமுன் இரண்டு வரி அறிமுகம் போதும்.

அச்சில் இது பாட்டுச் சுரக்குறிப்பு மாதிரி இருக்கும். மூன்று வரிசை ஒன்றன்கீழ் ஒன்று, எங்கே ஓங்கி, எங்கே மெதுவாக என்ற குறிகளோடு. நடுவில் ஒரு தாளப் பகுதி: யான்கோவுக்கு விசில், ட்ஸாராவுக்குக் கட்டைக் கருவி (நம் சப்ளாக்கட்டை பொருந்தும்), ஹ்யூல்ஸன்பெக்குக்குப் பெரிய டிரம். கடைசி வரியில் மட்டும் மூவரும் ஒரே மொழியில், பிரெஞ்சில், ஒன்றாகச் சேர்கிறார்கள்: தளபதிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒத்திகையில் வழக்கமாகத் தவறும் இடங்கள் இவை. மூவரும் தம்மை அறியாமலே ஒருவர் வேகத்துக்கு ஒருவர் இழுபட்டு, இரண்டாம் நிமிடத்தில் கோரஸ் ஆகிவிடும். அதற்கு முதல் நான்கு ஒத்திகையைத் தனித்தனியாக, ஒரே மெட்ரோனோம் வேகத்தில் செய்யுங்கள். பிறகுதான் சேர்க்க வேண்டும். இரண்டாவது, எல்லாரும் முழு நேரமும் கத்துவது. குறிகளின்படி ஒருவர் ஓங்கும்போது மற்ற இருவர் தணிய வேண்டும். அப்போதுதான் ஒரு மொழி அரைச் சொல்லாக மேலே வந்து மறுபடி மூழ்கும். மூன்றாவது, டிரம்மை மென்மையாக அடிப்பது. பால் இந்தக் கவிதைக்குத் தந்த விளக்கம், மனிதக் குரல்தான் ஆன்மா, இரைச்சல்கள் அதைச் சூழ்ந்த விதி என்பது. நிமிடக்கணக்கில் நீளும் ஓர் உறுமலோ சைரனோ குரலைவிட வலிமையானது என்கிறார். ஆகவே ஓரிடத்திலாவது டிரம் மூன்று குரலையும் முழுதாக விழுங்க வேண்டும். பீரங்கி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, காது புரிந்துகொள்ளும்.

நடுமேடை:

உடைக்கு வருகிறேன். பால் அதை அணிந்து வாசித்தது 1916 ஜூன் 23. ஒளிப்படம் கறுப்பு வெள்ளை என்பதால் நிறங்களுக்கு அவருடைய வர்ணனைதான் ஆதாரம். கால்கள் இடுப்பு வரை பளபளக்கும் நீல அட்டை உருளைக்குள். அதற்கு மேல் அட்டையாலான பிரமாண்டமான மேலங்கிக் கழுத்துப்பட்டி, உள்ளே பளிச்சென்ற சிவப்பு, வெளியே பொன்னிறம். முழங்கையை ஏற்றி இறக்கினால் இறக்கை மாதிரி அசையும். தலையில் நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட உயரமான தொப்பி.

கடையில் கிடைக்கும் 22×28 அங்குல அட்டைகளை வைத்துக் கணக்கு சொல்கிறேன். உருளைக்கு நான்கு அட்டை: நீளப் பக்கத்தைச் சுற்றளவாக வைத்து இரண்டை ஒட்டினால் சுமார் 140 செ.மீ. வரும், அதே மாதிரி இன்னொரு வரிசை மேலே. இடுப்புச் சுற்றளவோடு 20 செ.மீ. சேர்த்துச் சுற்றளவை முடிவு செய்யுங்கள். உயரம் தரையிலிருந்து இடுப்பெலும்பு வரை, சுமார் 90 செ.மீ. ஒட்டு விழும் இடத்தில் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று. நீல மினுமினுப்புத் தாளை அட்டை தட்டையாக இருக்கும்போதே ஒட்டி, ஓர் இரவு முழுக்கப் பாரம் வைத்துக் காயவிட வேண்டும். ஈரப் பசையோடு சுருட்டினால் அட்டை நெளிந்து, மேடை வெளிச்சத்தில் ஒவ்வொரு நெளிவும் பல்லிளிக்கும். இரட்டைப் பக்கப் பிசின்நாடா இன்னும் நல்லது.

உருளை தானாக இடுப்பில் நிற்காது, வழுக்கி இறங்கும். உள்பக்கம் நான்கு இடத்தில் துணிநாடா வைத்துத் தைத்து, தோளில் மாட்டும் வார்களோடு கட்டுங்கள். மேல்விளிம்பு வயிற்றை அறுக்காமலிருக்கப் பழைய துணியைச் சுற்றி ஒட்டுங்கள்.

கழுத்துப்பட்டிக்கு நான்கு அட்டை: சிவப்புக்கு இரண்டு, பொன்னிறத்துக்கு இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டி. நடுவில் கழுத்துக்கு அரைவட்டம் வெட்டி, கழுத்தில் மட்டும் கட்ட வேண்டும். கைகளை முழங்கைக்குச் சற்று மேலே ஒரு துணி வளையத்தில் நுழைத்தால் போதும். பலர் தோளிலேயே ஒட்டிவிடுவார்கள். பிறகு இறக்கை அசையாது. தொப்பிக்கு ஓர் அட்டை, உயரம் 40 செ.மீ. வரை. தாடைக்குக் கீழே எலாஸ்டிக் கட்டாவிட்டால் முதல் தலைத்திருப்பலில் விழும்.

இந்த உடையில் நடக்க முடியாது, உட்கார முடியாது. பாலையே இருட்டில் தூக்கிக்கொண்டு வந்துதான் வைத்தார்கள். இரண்டு பேர் வேண்டும். அக்குளைப் பிடித்துத் தூக்குங்கள், உருளையைப் பிடித்தால் கிழியும். உருளையை மாட்டிவிடப் பத்து நிமிடம் ஆகும், எனவே முந்தைய உருப்படியில் இந்த நடிகர் இருக்கக்கூடாது. தீயணைப்புக் கருவி பக்கத்தில் இருக்கட்டும், மேடையில் மெழுகுவத்தி வேண்டாம்.

மேடையில் மூன்று பக்கமும் இசைத்தாள் தாங்கிகள். நடுவில் 'காட்ஜி பேரி பிம்பா', வலப்பக்கம் மேகங்களுக்கான பாட்டு, இடப்பக்கம் யானைகளின் வரிசை. கால் நகராது, இடுப்புக்கு மேல் மட்டும் திரும்ப வேண்டும். தாங்கிகளை கைக்கெட்டும் தூரத்தில், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

வாசிப்பு மெதுவாகவும் கனமாகவும் தொடங்கட்டும். பால் வாசிக்க வாசிக்க மெய்யெழுத்துகளைக் கூர்மையாக்கிக்கொண்டே போகிறார். முடிவை எப்படிக் கொண்டுவருவது என்று அவருக்கே திகைப்பு. அந்த நேரத்தில் குரல் தானாகவே கத்தோலிக்கப் பாதிரியார்களின் பழைய புலம்பல் ராகத்துக்குள் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். அதனால் கடைசி மூன்று நிமிடம் கோவிலில் ஓதுவது மாதிரி நீண்ட, சமமான ஓதலாக இருக்க வேண்டும். பிறகு விளக்கை அணைத்து, வியர்வையோடு நிற்பவரை அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். இங்கே சிரிப்பு மூட்ட முயலும் நடிகர் மொத்த மாலையையும் கெடுப்பார்.

ஒன்று கவனியுங்கள். யானைக் கவிதையை ஒவ்வொரு வரியும் வேறுவேறு எழுத்துருவில் இருக்கும் பக்கமாகத்தான் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அது 1920-இல் ஹ்யூல்ஸன்பெக் தொகுத்த ஆண்டுமலரில் வந்த அச்சு. அந்தத் தடித்த, சாய்ந்த எழுத்துகளைக் குரல் ஏற்ற இறக்கக் குறி என்று எண்ணி வாசிக்காதீர்கள். 1916 வாசிப்பு அதற்கு நான்கு ஆண்டு முந்தையது.

ஒத்திகை:

மிகவும் நன்றி. பன்றியையும் பையையும் ஒட்டுப்படங்களையும் எடுத்துவிட்டோம். அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்பலாம்? ஹ்யூல்ஸன்பெக் டிரம் அடித்து 'ஆப்பிரிக்கக் கவிதை' வாசித்ததாகப் படித்தோம், அது சரிப்படுமா? 'டாடா' என்ற பெயர் எப்போது வந்தது? லெனின் அதே தெருவில் இருந்தாராமே, அவரை ஒரு பாத்திரமாக்கலாமா?

மரஅச்சு:

லெனின் ஷ்பீகல்காஸ 14-இல் குடியிருந்தார், 1917 ஏப்ரலில் ரஷ்யாவுக்குக் கிளம்பும் வரை. அண்டை வீட்டுக்காரர் என்பதற்கு மேல் எதையும் மேடையில் ஏற்றாதீர்கள்.

பெயரைப் பொறுத்தவரை, முதலில் அச்சில் வந்தது 1916 ஜூனில் வெளியான 'காபரே வோல்த்தேர்' தொகுப்பில். பால் நாட்குறிப்பில் ஏப்ரல் 18 அன்றே பேச்சு வருகிறது: ருமேனிய மொழியில் 'ஆமாம், ஆமாம்', பிரெஞ்சில் ஆடுகுதிரை என்று. பேனாக்கத்தியை அகராதியில் குத்தி எடுத்தார்கள் என்ற கதை பின்னால் பரவியது. யார் கண்டுபிடித்தது என்று ட்ஸாராவும் ஹ்யூல்ஸன்பெக்கும் பல ஆண்டு சண்டை போட்டார்கள். பாலின் நாட்குறிப்பும் 1927-இல் அவரே திருத்தி அச்சிட்டதுதான் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் நிகழ்ச்சிக்கு முக்கியமானது வேறு: பிப்ரவரி, மார்ச்சில் அந்த அறையில் பாடியவர்களுக்குத் தாங்கள் டாடா என்று தெரியாது. அறிவிப்பாளர் தொடக்கத்திலேயே 'டாடாவுக்கு நல்வரவு' என்று சொல்ல வேண்டாம். (எழுத்துக்கு: மூல உச்சரிப்பு 'தாதா'வில் உள்ள த-வை மெலித்துச் சொல்வதற்கு அருகில். ஆனால் தமிழில் அப்படி எழுதினால் பொருள் வேறாகிவிடும், டாடா என்றே சுவரொட்டியில் போடுங்கள்.)

ஹ்யூல்ஸன்பெக்கின் அந்தப் பாட்டுகளைத் தவிருங்கள். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் 'உம்பா உம்பா' சேர்த்து அவரே கற்பனையாக எழுதியவை அவை. இது அசல் அல்ல என்று மதுக்கடைக்காரர் எஃப்ராயிமே சொல்லியிருக்கிறார். காலனிகளை ஆண்ட நாட்டுக்காரன் ஆப்பிரிக்காவைப் பற்றி வைத்திருந்த எண்ணம் அதில் அப்படியே இருக்கிறது. டாடாவின் குறைகளில் இது பெரியது, மூடி மறைக்க வேண்டியதில்லை, அறிமுகத்தில் சொல்லிவிடலாம். மேடையில் திரும்பச் செய்வது வேறு விஷயம்.

அலைவரிசை:

நிரப்புவதற்கு யான்கோவின் முகமூடிகள் இருக்கின்றன. 1916 மே மாதம் அவர் செய்து கொண்டுவந்தவற்றை ஒவ்வொருவரும் மாட்டிப் பார்த்ததும், முகமூடியே உடையையும் அசைவையும் கேட்டது என்று பால் எழுதுகிறார். அன்றே மூன்று நடனம் பிறந்தது. 'ஈ பிடித்தல்': தட்டுத்தடுமாறும் அடிகள், திடீரென்று கையை வீசிப் பிடிக்கும் அசைவு, கீச்சிடும் பதற்றமான இசை. 'கெட்ட கனவு': குனிந்திருக்கும் உருவம் நேராக நிமிர்ந்து முன்னே வரும், வாய் பிளந்து, மூக்கு இடம் மாறி, கைகள் குழாய் மாட்டி நீண்டிருக்கும். 'விழாக்கோல விரக்தி': வளைந்த புயங்களில் வெட்டியெடுத்த நீண்ட பொன்னிறக் கைகள், மெல்லத் தன்னைத்தானே சுற்றி, சட்டென்று சரிந்து, மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடத்தைத் தாண்டினால் சலிக்கும். செய்ய அட்டை, சாக்குத்துணி, சணல்கயிறு, காகிதக்கூழ், போஸ்டர் கலர் போதும். முகத்தின் இரு பாதியும் ஒத்திருக்கக்கூடாது. வழவழப்பாக்கவும் கூடாது, கிழிந்த ஓரமும் தெரியும் கயிறும்தான் அழகு. மூச்சுக்கு மூக்குக்குக் கீழே 3 செ.மீ. துளை வையுங்கள், இல்லையென்றால் இரண்டாவது நடனத்தில் ஆடுபவர் தடுமாறுவார். குண்டு துளைத்து உருக்குலைந்த முகங்களோடு சிப்பாய்கள் ஊர் திரும்பிய காலம் அது என்பதை முகமூடி செய்பவருக்குச் சொல்லி வையுங்கள்.

மரஅச்சு சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு. மொழியை உடைத்தது போரினால் மட்டும் வந்ததல்ல. பால் போருக்கு முன்பே ம்யூனிக்கில் நாடகத்தில் இருந்தவர், ஓவியர் கான்டின்ஸ்கியை அறிந்தவர். இத்தாலிய ஃப்யூச்சரிஸ்டுகள் (எந்திரத்தையும் வேகத்தையும் போற்றிய கலைஞர்கள்) இரைச்சலையும் சிதறிய சொற்களையும் 1914-க்கு முன்பே கையில் எடுத்துவிட்டார்கள். காபரேயின் சுவரிலேயே ஃப்யூச்சரிஸ்ட் பாணிச் சுவரொட்டிகள் இருந்தன. ட்ஸாராவும் யான்கோவும் 1912-இல் புக்காரெஸ்ட்டில் பத்திரிகை நடத்தியவர்கள்.

மரஅச்சு:

கருவிகள் முன்பே இருந்தன என்பது சரி. ஆனால் ஃப்யூச்சரிஸ்டுகள் அதே இரைச்சலைக் கொண்டு போரைப் புகழ்ந்தார்கள், அது உலகைச் சுத்தம் செய்யும் என்று எழுதினார்கள். பாலின் கையில் அதே இரைச்சல் மனிதக் குரலை நசுக்குவதாக மாறியது. இடையில் நடந்தது போர். போர்க்காலத்தில் நியூயார்க்கில் இருந்த கலைஞர் மார்செல் டுஷானுடைய வேலைகளை இதே காரணத்தால் விளக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் சைக்கிள் சக்கரத்தை முக்காலியில் பொருத்தியது போருக்கு முன்பே, 1913-இல் பாரிஸில். சூரிச்சுக்கு மட்டும் என் வாதம் நிற்கும்.

நடுமேடை:

நேரக் கணக்கு இப்படி வரும்: அறிமுகம் 3 நிமிடம், சிப்பாய்ப் பாட்டும் மரண நடனமும் 6, மூன்று குரல் கவிதை 5, முகமூடி நடனங்கள் இடைவெளியோடு 10, ஒலிக்கவிதை 8. மொத்தம் 32. மிச்சம் எட்டு நிமிடத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள், உருளையைத் தூக்கி வைக்கவும் தாங்கிகளை நிறுத்தவும் அது கரையும்.

பாலாக நடிப்பவரை ஒலிக்கவிதைக்கு மட்டும் வையுங்கள். கவிதைக்கு மூவர், நடனத்துக்கு அவர்களே, பாட்டுக்கு ஐந்தாமவர். பியானோவையும் அவரே வாசித்துக்கொண்டு பாட முடியுமானால் ஐந்து பேரில் முடிந்துவிடும். இல்லையென்றால் பாட்டுக்கு மட்டும் பாலாக நடிப்பவர் பியானோவில் உட்காரட்டும். அசலிலும் பால்தான் பியானோ வாசித்தார். பாட்டு முடிந்ததும் அவர் உள்ளே போனால் உருளை மாட்ட 15 நிமிடம் கிடைக்கிறது.